எழுந்து நிற்கச் செய்வது எதன்பொருட்டு?

துன்புறும் விலங்கொன்றைக் கருணையின் பெயரால் கொன்றுவிடலாமா என்று நம்மவர் ஒருவரைக் கேட்டால், கூடாது என்ற விடை உடனே வரும். கேட்பவர் எவ்வளவு வாதம் செய்தாலும் அந்த விடை மாறாது. ஆயின் அதனையடுத்து இன்னொரு வினா இருக்கிறது. கொல்லாமல் விட்ட அவ்வுயிரை அதன்பின் என்ன செய்வது? இதற்கு விடை அத்துணை விரைவில் வருவதில்லை. நாகர்கோவிலைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலைகளில் வண்டியில் அடிபட்டு, முதுகெலும்பு நைந்து, பின்னங்கால்கள் இரண்டும் இழுபடக் கிடக்கும் நாயை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதனை நாம் கொல்லவில்லை. சிறிது பாலோ சோறோ வைத்துவிட்டு வந்திருப்போம். பத்து நாளில் அது தானே இறந்திருக்கும். நம் நோன்புக்குக் குறை நேரவில்லை என்று கணக்கெழுதலாம். அந்தக் கணக்கு சரிதானா என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

உமாசுவாதி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தாரின் அணுவிரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை, அஃதாவது விரதம் முற்றும் கெடாமல் மாசுபடும் வழிகளை, எடுத்துரைக்கின்றது. கொல்லாமை விரதத்திற்குச் சொல்லப்பட்ட ஐந்து மாசுகள் இவை: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவ்வைந்தில் எதுவும் கொலை அன்று. ஐந்தும் உயிரோடிருக்கும் உயிருக்குச் செய்யப்படுவன. பெரும்பாலும் தொழுவத்திலும் வண்டியிலும் ஏரிலும் நடப்பன. உயிர் போகவில்லை என்பதனாலேயே விரதம் தூயதாக நிற்கிறது என்று ஆசாரியர் கருதவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. ஆகவே அடிபட்ட நாயின் அருகில் பால் வைத்துவிட்டு வந்தவர் ஐந்தாவது மாசிலிருந்து தப்பினார் என்று மட்டுமே கொள்ளலாம்.

நான்காவதாகச் சொல்லப்பட்ட மிகைச்சுமையைப் பற்றிச் சற்றே விரித்துரைக்க வேண்டும். சுமை என்றால் முதுகில் ஏற்றும் மூட்டை என்றே நாம் நினைக்கிறோம். தன் உடலையே சுமக்க முடியாத நிலைக்கு ஒரு விலங்கைக் கொண்டுவருவதும் மிகைச்சுமைதான். இதற்குத் தொலைவில் சென்று எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் திருநெல்வேலி. அங்கு நெல்லையப்பர் கோயிலில் 1985ஆம் ஆண்டு முதல் இருந்த காந்திமதி என்னும் யானை 2025ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் தனது 56ஆம் வயதில் இறந்தது. மூட்டு அழற்சியால் அது நெடுநாள் துன்புற்றது. கால் நோகாதிருக்கட்டும் என்று அன்பர்கள் 2022இல் அதற்குத் தோலால் காலணி செய்து அளித்தனர். படுத்தால் எழ இயலாது என்பதனால் நின்றபடியே உறங்கிற்று. இறுதியில் ஒருநாள் படுத்தபோது எழ முடியவில்லை. பாரந்தூக்கி இயந்திரம் கொண்டு தூக்கி நிறுத்த முயன்றும் கால்கள் தாங்கவில்லை. அந்த யானையிடம் அன்பு குறைவாக இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. ஊரே திரண்டு அழுதது. காட்டில் நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து, சேற்றிலும் ஆற்றிலும் கிடந்து வாழப் பிறந்த உடல், கல் தளத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்குமானால் மூட்டுகள் தேயும். அன்பினால் மட்டும் அத்தேய்வைத் தடுக்க இயலாது.

நீரில் இறங்கினால் இச்சுமை குறைகிறது. இது எல்லோர்க்கும் தெரிந்ததுதான். கிணற்றில் குடம் நீருக்குள் இருக்கும்வரை கனப்பதில்லை. விலங்குகளுக்கான இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, இன்று நீரை இவ்வளவு நாடுவதற்கு அடிப்படை இதுவே. நாய்களை நீருள் நிறுத்தி அளந்து பார்த்திருக்கிறார்கள். பின்காலின் கணுவளவு நீரில் நிற்கும் நாய் தன் எடையில் 91 விழுக்காட்டைத் தாங்குகிறது. முழங்கால் அளவு நீரில் 85 விழுக்காடு. இடுப்பளவு நீரில் 38 விழுக்காடு மட்டுமே. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதால், நீரின் உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கால்களுக்குச் சுமையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்க முடிகிறது. நீரின் அழுத்தம் வீக்கத்தை வடியச் செய்கிறது. நீரின் தடையை எதிர்த்துக் காலை நகர்த்துவதால் தசை வலுப்பெறுகிறது. வெதுவெதுப்பு வலியையும் விறைப்பையும் தளர்த்துகிறது. தொட்டிக்குள் நகரும் பட்டை ஒன்றை அமைத்து அதன்மேல் நடக்கவிடுவது, வெறுமனே நீந்தவிடுவதைக் காட்டிலும் பின்கால் செயலிழந்த நாய்க்கு நல்லது. நீந்தும் நாய் பெரும்பாலும் முன்கால்களாலேயே சமாளித்துவிடும். திறந்த புண், காய்ச்சல், இதய நோய் உள்ளவற்றை நீரில் இறக்கலாகாது.

மதுரா நகருக்கு அருகில் ஒயில்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு 2018இல் திறந்த யானை மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படக் கருவியும் லேசர் மருத்துவமும் உண்டு. மூட்டு நொந்த யானைகள் இறங்கி மிதக்கும் பெருங்குளமும் அவ்வமைப்பிடம் உண்டு. தெருவிலும் கோயிலிலும் திருமணத்திலும் உழைத்துத் தளர்ந்த யானைகள் அங்குச் சேர்க்கப்படுகின்றன. தமிழகத்தில் கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாம் 2003இல் முதுமலையில் தொடங்கியது. 2012 முதல் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பவானியாற்றங்கரையில் 2021 வரை பல ஆண்டுகள் நடைபெற்றது. மண் தரையும் ஆற்று நீரும் நடையும் பிற யானைகளின் துணையும் 48 நாள் அங்குக் கிடைத்தன. எஞ்சிய 317 நாளைப் பற்றி அப்போது யாரும் மிகுதியாகப் பேசவில்லை. குருவாயூர் தேவசத்தின் புன்னத்தூர்க் கோட்டையில் கர்க்கடக மாதத்தை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறும் சுகசிகிச்சை, 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்து முதியோர்க்குப் புதிய செய்தியன்று.

நாஞ்சில் நாட்டில் குளத்திற்குப் பஞ்சமில்லை. 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் கால்வாய்களும் பழையாறும் நிறைக்கும் குளங்களை நம்பித்தான் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்தன. டிராக்டர் வருவதற்கு முன்பு, தொளியில் உழுது களைத்த கடாக்களையும் காளைகளையும் மாலையில் குளத்தில் இறக்கி, வைக்கோல் சுருணையால் தேய்த்துக் கழுவி, சிறிது நேரம் நீரிலேயே நிற்கவிட்டு ஓட்டிவருவது வழக்கம். அதற்கு யாரும் மருத்துவம் என்று பெயரிடவில்லை. மனிதர்க்கோ முறிவும் பிசகும் நேர்ந்தால் வர்ம ஆசானிடம் செல்வது இம்மாவட்டத்தின் தனிச்சிறப்பு. எண்ணெய், தடவுமுறை, கட்டு, பத்தியம் என்று படிப்படியாகச் செயலிழந்த உறுப்பைப் பழக்கித் திருப்பும் அறிவு இம்மண்ணுக்கு உண்டு. மாட்டு வாகடங்களும் தமிழில் உண்டு. உழவு மாடு மறைந்தபோது மாட்டைக் குளத்தில் நிறுத்தும் பழக்கமும் மறைந்தது. இன்று கொட்டிலில் சிமென்ட் தளத்தில் நிற்கும் கறவைப் பசு, ஈன்றபின் சுண்ணச்சத்துக் குறைந்து விழுந்தால், அது விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

விழுந்த பசுவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் நம் மக்கள் மிகுதியாகப் பிழை செய்யும் இடம் இது. சுண்ணச்சத்து ஊசி போட்டாயிற்று, இனித் தானே எழும் என்று விட்டுவிடுவார்கள். நானூறு கிலோ எடையுள்ள உடல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், அடியில் அகப்பட்ட காலின் தசையும் நரம்பும் சில மணி நேரத்திலேயே நசிந்துவிடும். முதல் நோய் தீர்ந்தபின்பும் பசு எழாதிருப்பது இந்த இரண்டாம் கேட்டினாலேயே. சில மணிக்கொருமுறை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைப்பதும், சிமென்டுத் தளத்தில் கிடவாமல் மணலும் வைக்கோலும் கனமாகப் பரப்பிய இடத்திற்கு மாற்றுவதும், கால்களைத் தேய்த்து மடக்கி நீட்டிவிடுவதும் அதனைக் காக்கும். வெளிநாடுகளில் விழுந்த பசுவைச் சுற்றித் தொட்டியை அமைத்து, வெந்நீர் நிரப்பி மிதக்கவிட்டுத் தன் காலில் நிற்க வைக்கிறார்கள். நம் ஊரில் அது கிடைக்கப்போவதில்லை, மணல் கிடைக்கும்.

இனி மனம் ஒப்பாத ஒரு வழக்கிற்கு வருவோம். 1928ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயுற்றுக் கிடந்த கன்றொன்றைக் காந்தியடிகள் மருத்துவரைக்கொண்டு ஊசி போட்டு இறக்கச் செய்தார். நாடெங்கும், சிறப்பாகக் குசராத்தில், கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. எதிர்த்தவர்களுள் நம் சமயத்தார் பலர். அடிகள் தம் செயலை மறைக்கவில்லை. மருத்துவர் கைவிட்டுவிட்டார், ஒருபுறமிருந்து மறுபுறம் திரும்பவும் அது வேதனையின்றி முடியாதிருந்தது, செய்வதற்கு வேறு பணிவிடை எஞ்சியிருக்கவில்லை என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். அவர் முடிவை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அவரைக் கண்டித்தவர்கள் அனைவரும் அவரைப்போல் அக்கன்றின் அருகில் அமர்ந்து அதனைப் புரட்டிவிட முயன்றவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக்கூடாது.

அவ்வழக்கு முழுவதும் 'தீராது' என்னும் ஒரு சொல்லைத் தாங்கி நிற்கிறது. அச்சொல்லின் பொருள் காலத்தோடு மாறுவது. பின்கால் செயலிழந்த நாயைத் தீராதது என்று முன்பு எளிதாக ஒதுக்கினர். இன்று மருத்துவர் அதன் கால்விரலை அழுத்தமாகக் கிள்ளிப் பார்க்கிறார். நாய் திரும்பிப் பார்த்தாலோ முனகினாலோ, ஆழ்ந்த வலியுணர்வு எஞ்சியிருக்கிறது. நடக்க முடியாதிருப்பினும் மீளும் வாய்ப்பு நன்றாகவே உள்ளது. உணர்வே இல்லையெனில் வாய்ப்பு மிகக் குறைவு. அப்போதும் சக்கர வண்டி பூட்டி ஓடியாடும் நாய்கள் உண்டு. 2023இல் நடுவணரசு வெளியிட்ட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் தீராத நோயும் பிழைக்க முடியாத காயமும் உடைய தெருநாய்களை மருத்துவர் கண்டறிந்து சொன்னால் வலியின்றி இறக்கச் செய்ய இடந்தருகின்றன. சட்டம் அப்படி இருக்க, தீராது என்ற தீர்ப்பு எத்தனை நாள் முயன்றபின் தரப்படுகிறது என்பதில்தான் அந்நாயின் வாழ்வு தொங்குகிறது. முயல்வதற்கு ஆளில்லாத ஊரில் எல்லாமே தீராதவைதாம்.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 2006ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் பார்பரோ என்னும் பந்தயக் குதிரைக்கு ஓட்டத்தின்போது வலப் பின்கால் நொறுங்கிற்று. அறுவை முடிந்து மயக்கம் தெளியும்போது துள்ளி மறுபடியும் முறித்துக்கொள்ளாதிருக்க, அதனை மிதவையில் வைத்து வெதுநீர்க் குளத்தில் இறக்கித் தெளியவிட்டனர். முறிந்த கால் ஓரளவு கூடிவந்தது. ஆனால் பாரம் முழுவதையும் தாங்கிய இடப் பின்காலின் குளம்பு அழன்று கெட்டது. எட்டு மாதப் போராட்டத்திற்குப்பின் 2007 சனவரி 29ஆம் நாள் அதனை இறக்கச் செய்தனர். அந்த எட்டு மாதமும் யாருக்காக? குதிரைக்கு நாளை என்ற நினைவில்லை. இன்று பொறுத்தால் நாளை ஓடலாம் என்று அதனிடம் சொல்லித் தேற்ற இயலாது. மனிதர் சல்லேகனை ஏற்பது தம் அறிவால், தம் விருப்பால். மருத்துவமனையில் நோவைப் பொறுப்பதும் அவ்வாறே. விலங்கோ இரண்டையும் தேர்ந்துகொள்ள முடியாதது. அதற்காக நாம் மரணத்தைத் தேர்ந்தெடுக்கலாகாது என்றால், வேதனையை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கலாம்?

இவ்வினாவைக் கண்டு நாம் ஒதுங்கக் கூடாது. எமக்குத் தோன்றும் விடை இது. இயன்முறை மருத்துவம் நல்ல கைகளில் வேதனையைக் கூட்டுவதன்று, குறைப்பது. கட்டி இழுத்து நீரில் தள்ளி, மூச்சு முட்ட நீந்தவைப்பது மருத்துவமன்று. அது அதிசாரங்களுள் முதலிரண்டில் சேரும். நாய் தொட்டிக்குள் தானே இறங்கச் சில நாள் பிடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். காது மடங்கினால், வாலை இடுக்கினால், உதட்டை நக்கினால் அன்றைக்குப் போதும் என்று நிறுத்த வேண்டும். விலங்குக்குச் சொல் இல்லையே தவிர மறுப்பு இருக்கிறது. அம்மறுப்பைக் கேட்கக் கற்றவர் செய்தால் விலங்கின் இசைவு ஒருவாறு பெறப்பட்டதாகவே கொள்ளலாம். வலியடக்கும் மருந்தை இயற்கைக்கு மாறானது என்று தடுப்பவர்களும் நம்மிடையே உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றாகிய ஞாதாதர்ம கதையில் மேகுமாரனின் முற்பிறப்பு சொல்லப்படுகிறது. காட்டுத்தீக்கு அஞ்சி விலங்கெல்லாம் ஓரிடத்தில் நெருங்கி நின்றபோது, உடலைச் சொறிந்துகொள்ள யானையொன்று காலைத் தூக்கிற்று. காலிருந்த இடத்தில் முயல் ஒன்று புகுந்துகொண்டது. அதனை மிதிக்க மனமின்றி இரண்டரை நாள் யானை காலைத் தூக்கியபடியே நின்றது. தீ அணைந்து முயல் போனபின் காலை ஊன்ற முற்பட்டது; கால் விறைத்துப்போய் வளையவில்லை; யானை சாய்ந்து, எழ முடியாமல் மூன்றாம் நாள் இறந்தது. அதன் கருணையைப் போற்றியே இக்கதையை நாம் சொல்லிவருகிறோம், அது முறையே. எனினும் விறைத்த காலோடு அது கிடந்த அந்த மூன்று நாளைப் பற்றியும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். காட்டில் விறைத்த காலைத் தேய்த்துவிட ஒருவருமில்லை. நாம் ஊரில் இருக்கிறோம்.

இன்னொரு வினா இவற்றைக் காட்டிலும் கடினமானது; தலைப்பில் வைத்ததும் அதுவே. குதிரைகளுக்கான நீச்சற்குளங்கள் தோன்றியது இரக்கத்தால் அன்று. பந்தயத்திற்குக் கால் தேறவேண்டும் என்பதனால். காலில் பாரம் விழாமலே மூச்சும் தசையும் பழகும் என்று கண்டவர்கள் பந்தயக்காரர்கள். அந்த அறிவே பின்னர் நாய்க்கும் மாட்டுக்கும் யானைக்கும் வந்தது. அறிவு வந்த வழியை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் நொண்டிய காளையைத் தேற்றி மறுபடியும் பாரவண்டியில் பூட்டுவதும், மூட்டு நொந்த யானையை 48 நாள் ஆற்றங்கரையில் வைத்திருந்து மறுபடியும் கல் தளத்தில் சங்கிலியிடுவதும் மருத்துவமா, பழுது பார்த்தலா? சுமையேற்றும் கையே மருந்திடும் கையாகவும் இருந்தால், மருந்து அடுத்த சுமைக்கு முன்பணமாகிறது. ஆதலின் ஒரு விலங்கு எழுந்து நின்றபின் எங்கே செல்லப்போகிறது என்பதைச் சிகிச்சை தொடங்கும் அன்றே கேட்டறிய வேண்டும் என்பது எம் துணிபு. பால் வற்றிய பசு எழுந்தால் அதனைச் சந்தைக்கு ஓட்டுவதாக இருந்தால், நாம் எழுப்பியது எதன்பொருட்டு?

நம்மவர்க்கே உரிய ஐயம் ஒன்றும் உண்டு. நீரும் உயிருடையது, ஓரறிவு உடைய நீர்க்காய உயிர்கள் எண்ணிறந்தவை அதில் உள்ளன. ஐயறிவுயிர் ஒன்றைக் காக்க ஆயிரக்கணக்கான லிட்டர் நீரைத் தொட்டியில் நிரப்பிச் சூடாக்கி, கிருமிநாசினியும் கலப்பது தகுமோ? மாமுனிவர்க்குத் தகாது, அவர்கள் மாவிரதம் பூண்டவர்கள். இல்லறத்தார்க்கு அணுவிரதமே விதிக்கப்பட்டது. இயங்கும் உயிர்களை மனமறிந்து கொல்லாதிருத்தல் அவர் கடன். சமைத்தல், குளித்தல், வீடு கட்டுதல் முதலியவற்றில் நேரும் ஆரம்ப இம்சையைக் குறைத்துக்கொள்ளுதல் அதனோடு சேர்ந்தது. குறைத்துக்கொள்ளுதல் என்பது இங்குச் செயல்வடிவில் எளிது. நீரை வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். சிறிய நாய்க்குச் சிறிய தொட்டி போதும். நிலத்திலேயே செய்யத்தக்க பயிற்சிகளை முதலில் முடித்து, நீர் இன்றியமையாத போது மட்டும் நீரை நாடலாம். உண்மையில் நீருக்கு முந்திய வேலையே மிகுதி. கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுதல், தசையைப் பிடித்துவிடுதல், நாம் துவர்த்து என்று சொல்லும் துண்டை வயிற்றின் கீழ்க் கொடுத்துத் தாங்கி மெல்ல நடத்துதல், சிறுநீர் தானே பிரியாத நாய்க்கு அடிவயிற்றை மெல்ல அழுத்தி நாளுக்கு மூன்று நான்கு முறை வெளியேற்றுதல், படுக்கைப்புண் வராமல் காத்தல் ஆகிய இவற்றுக்குத் தொட்டி வேண்டியதில்லை. வீட்டில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

உணவைப் பற்றிய ஐயம் அத்துணை எளிதில் தீர்வதன்று. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனையை நம்மவர் பலரும் கண்டிருப்பர். அங்குப் பருந்து முதலிய ஊனுண்ணும் பறவைகளுக்கு மருந்திட்டு அனுப்பிவிடுவர், உள்ளே தங்கவைப்பதில்லை. வாரக்கணக்கில் தங்கித் தேறவேண்டிய விலங்குக்கு அம்முறை ஒத்துவராது. நாயின் குடல் சோற்றையும் பருப்பையும் பாலையும் செரிக்கவல்லது. கவனத்தோடு அளித்தால் ஊனின்றியே தேற்றலாம். பூனைக்கு அது இயலாது. ஊனிலிருந்து பெறும் சில சத்துகளின்றி அதன் கண்ணும் இதயமும் கெடும். எனவே பூனையை ஏற்பதா என்பதில் நம் அறநிலையங்கள் முடிவு காணவில்லை. நாமும் இங்கு முடிவு கூறத் துணியவில்லை.

1906இல் சென்னை அயனாவரத்தில் தொடங்கப்பட்ட பிஞ்சராப்போல் போன்ற காப்பகங்கள் பசுக்களை இறுதிவரை வைத்துக் காக்கின்றன. அவற்றைத் தாங்குவோரில் நம் சமுதாயத்தார்க்குச் சிறப்பான இடம் உண்டு. ஆயின் நகரங்களில் இன்று செல்வர் வீட்டு நாய்க்குக் கிடைக்கும் நீர்ச்சிகிச்சை, பொதுக் காப்பகத்துப் பசுவுக்குக் கிடைப்பதில்லை. செல்வர் தம் நாய்க்குச் செய்வதைத் தவறென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் அறம் கருணையைத் துன்புறும் உயிர்களிடம் செலுத்தச் சொன்னது. நமக்கு உரிய உயிர்களிடம் என்று எல்லை இடவில்லை. நம்முடையது என்னும் பற்றே அளவுகோலாகிவிட்டால், உரியவர் இல்லாத உயிர்க்கு மருத்துவமே இல்லாதுபோகும்.

சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டில் பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருமேனிகளைத் தொழ ஆண்டுதோறும் நம்மவர் குமரி மாவட்டத்திற்குச் செல்கின்றனர். அத்தகைய செலவின் நினைவாக இம்மாவட்டத்தில் ஓர் உயிர்காப்பகம் அமைக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கட்டடமும் கல்வெட்டும் முதலில் வந்து நிற்கின்றன. திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயறிந்து சொல்லவும், எந்த விலங்கை எவ்வளவு பயிற்றலாம் என்று வழிகாட்டவும் மருத்துவர்கள் எட்டும் தொலைவில் உள்ளனர். வடிகால் உள்ள மணல் தரை, நிழல், துவர்த்துத் துண்டுகள், சிறிய தொட்டி ஒன்று, அதன் நீரைப் பிறகு விடத் தென்னை மூடு ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். அவற்றுக்கும் முன்பாக, விழுந்து கிடக்கும் பசுவை இரவு இரண்டு மணிக்கு எழுந்து மறுபக்கம் புரட்டப்போகும் இருவர் யார் என்பதைப் பெயர் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். தொட்டிக்கான நன்கொடையை அதன்பின் கேட்கலாம்.